ரிசர்வ் இல்லாத வண்டி

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒரு நீளமான அறை இருக்கிறது. கதவைத் திறந்ததும் மருந்து மாதிரியும் வார்னிஷ் மாதிரியும் ஒரு காட்டமான வாசனை மூக்கில் ஏறும். அது கொஞ்சம் பழகியதும் அலமாரி கண்ணில் படும். அலமாரி நிறைய பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு குறிப்பு: 'தபால் ஆபீஸ் அம்மா', 'சிரிக்கிற டெய்லர்', 'கடிக்கிற வக்கீல்'. இங்கே உட்கார்ந்துதான் பல்லுக்காரர் பல் செட் செய்கிறார்.

வேலையில் அவர் மகா கறார். பல் செட்டை மாட்டிவிட்டதும், "எங்கே, 'சைக்கிள் சீட்டு சரியா இருக்கு'ன்னு சொல்லுங்க" என்பார். 'ச' சுத்தமாக வந்தால் முகம் மலரும். லேசாக விசில் அடித்தால் போதும், கழற்றி வாங்கிக்கொண்டு மறுபடியும் மோட்டாரில் தேய்க்கப் போய்விடுவார். கடைத்தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூட, என்ன சொல்கிறார்கள் என்பதை விட எப்படிச் 'ச' சொல்கிறார்கள் என்பதில்தான் அவர் காது இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் பெட்ரோல் விஷயத்தில் மட்டும் அநியாயத்துக்கு அசட்டை. பெட்ரோல் போடுவது அவருக்கு முடிவெட்டிக்கொள்வது மாதிரி. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போவார். அதற்கு வசதியாக அவரிடம் ஒரு பழைய பைக் இருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன திருகு. டேங்கில் பெட்ரோல் தீர்ந்து வண்டி விக்க ஆரம்பித்ததும் அதைத் திருப்பினால் ரிசர்வ். அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் இறங்கும், வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஓடுகிற ஓட்டத்தில், பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியின் பேச்சுக்கு 'ம்' கொட்டிக்கொண்டே அதைத் திருப்பிவிடுவார். பிறகு அதைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்துவிடுவார்.

அந்த மறதியால்தான் மச்சானோடு பேச்சு நின்றது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். லைசென்ஸ் வாங்க எட்டு போட்டுக் காட்ட வேண்டும் இல்லையா, அதைக் கற்றுத்தருவதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்கு எட்டு மாஸ்டர் என்று பெயர். காற்று, ஆயில், பிரேக் மூன்றையும் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டார். பல்லுக்காரரும் அவரும் முதலில் நண்பர்கள், அப்புறம்தான் உறவுக்காரர்கள். மாப்ள, மச்சான் என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள்.

டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த புதிதில், முதல் மாணவியைச் சோதனைக்கு அழைத்துப்போகிற அன்று மச்சானின் வண்டி மக்கர் செய்தது. பல்லுக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மாள் எட்டில் முதல் வட்டத்தை அழகாக முடித்து, இரண்டாவது வட்டத்துக்குத் திரும்புகிறார், வண்டி விக்கி நின்றுவிட்டது. மச்சான் ஓடிப்போய் ரிசர்வைத் திருப்பினார். அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. அந்த அம்மாள் கால் ஊன்றிவிட்டார். அதிகாரி ஃபெயில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் மச்சான் வந்து சாவியை மேசைமேல் வைத்தார். "இவன்கூட இனிமே எனக்குப் பேச்சே கிடையாது" என்று தங்கையிடம் சொன்னார். பல்லுக்காரரும், "ஒரு வண்டிக்கா இவ்வளவு? நானும் பேசலைன்னு சொல்லிடு" என்றார். இரண்டு பேரும் ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார்கள்.

அன்றிலிருந்து மூன்று வருஷம், சேதி எல்லாம் தங்கை வழியாகத்தான். "அண்ணா, அவர் கேக்கறார்" என்று இந்தப் பக்கம், "என்னங்க, அண்ணன் சொல்றான்" என்று அந்தப் பக்கம். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் அவள்.

போன வருஷம் பழைய பைக் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புது வண்டியை மனைவிதான் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் ஒப்பித்தார்: "ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி சார். சோக் கிடையாது, ரிசர்வ் கிடையாது, கிக்கர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் வேணும்னு கம்ப்யூட்டரே கணக்கு பண்ணி பம்ப் வெச்சு அனுப்பிடும்." பல்லுக்காரர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றால் நமக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

காலையில் கிளினிக்கைத் திறப்பதற்குள் டாக்டரம்மாவிடமிருந்து போன். பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் அன்றோடு ஓய்வு பெறுகிறார். மத்தியானம் விழா. நடுவில் டீச்சர் பேச வேண்டும். விடிந்ததும் பல் செட்டைக் கழுவும்போது கை தவறி, வாஷ்பேசினில் விழுந்து மேல் செட் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"உடைஞ்சதை ஆள் மூலமா அனுப்பியிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"முடியுமாவா? வந்ததும் ஆரம்பிச்சுடறேன் டாக்டர்."

பல்லுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உடைந்த இரண்டு துண்டுகளையும் மயிரிழை பிசகாமல் பொருத்தி, அடியில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார். விரிசலை வாய்க்கால் மாதிரி அகலப்படுத்தி, ஈறு நிறத்தில் பொடியும் திரவமும் கலந்து நிரப்பினார். வெந்நீரில் இறுகவிட்டு, தேய்த்து, பளபளப்பாக்கினார். விரல் நுனியால் தடவினால் எங்கே உடைந்தது என்றே தெரியவில்லை. ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். டீச்சர் வீட்டுக்கு இல்லை, நேராகப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

வண்டியின் மீட்டரில் பெட்ரோல் காட்டும் கட்டங்களில் கடைசி ஒன்று இரண்டு நாளாகவே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பல்லுக்காரர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்து, சரி, இன்னும் இருக்கிறது என்று முடிவுகட்டியிருந்தார்.

பாலத்தைத் தாண்டி, குடோன்களின் நீளச் சுவர் ஓரமாகப் போகும்போது வண்டி ஒரு தடவை விக்கியது. அவர் கை தானாக இடது முழங்காலுக்குக் கீழே போனது. துழாவியது. வழவழவென்று தகடு. இன்னும் கீழே துழாவியது. எஞ்சின் சூடு விரலைச் சுட்டது. வண்டி இன்னொரு விக்கல் விக்கி, அப்படியே அடங்கிவிட்டது. மீட்டரில் மட்டும் எல்லா விளக்கும் பிரகாசமாக எரிந்தன.

தெரிந்த வித்தை எல்லாவற்றையும் செய்து பார்த்தார். வண்டியை இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார். மூடியைத் திறந்து டேங்கில் வாய் வைத்து ஊதினார். பழைய வண்டியில் ஊதினால் கொஞ்சமாவது இறங்கும். இதில் பெட்ரோல் நெடி மட்டும் திரும்பி முகத்தில் அடித்தது. ஸ்டார்ட்டரை அமுக்கினார். முதலில் கம்பீரமாகச் சுற்றியது, போகப்போக முனகியது. அதற்குமேல் பயந்துபோய் கையை எடுத்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தார்.

புது வண்டி கனமான வண்டி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பையில் டீச்சரின் பல் ஒவ்வோர் அடிக்கும் 'களக் களக்' என்றது.

பின்னாலிருந்து ஒரு பைக் வந்து, அவரைத் தாண்டிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போய் அதன் பிரேக் விளக்கு எரிந்தது. ஓட்டியவர் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றபடியே யோசித்தார். பிறகு இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தத்தித் தத்திப் பின்னோக்கி வந்து பல்லுக்காரர் பக்கத்தில் நிறுத்தினார். முதுகில் டிரைவிங் ஸ்கூல் பெயர் அச்சடித்த மஞ்சள் சட்டை. மச்சான்!

மச்சான் குடோன் சுவரைப் பார்த்தார். பல்லுக்காரர் சாலையைப் பார்த்தார். மச்சான் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரரைக் கேளு. பெட்ரோலா, இல்ல வேற ஏதாவதான்னு."

பல்லுக்காரரின் போன் அடித்தது.

"என்னங்க, அண்ணன் கேக்கறான். பெட்ரோலான்னு."

"ஆமான்னு சொல்லு."

"எங்க இருக்கீங்க நீங்க?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம்."

"அவன் எங்க இருக்கான்?"

பல்லுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். "இங்கதான். பக்கத்துல."

மறுமுனையில் அவள் குரல் போனை விட்டு வெளியிலேயே கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. "பக்கத்துல நின்னுக்கிட்டு என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? எனக்கு வேற வேலையே இல்லையா? அடுப்புல பால் பொங்குது!" பட்டென்று வைத்துவிட்டாள்.

இரண்டு ஆண்களும் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். பல்லுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சானும் மீசைக்குள் எதையோ மென்று விழுங்கினார்.

"அவசரமா?" என்றார் மச்சான். மூன்று வருஷத்தில் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"பெரிய டீச்சரோட பல்லு. மத்தியானம் மேடையில பேசணும். இது இல்லாம அவங்க வாயே திறக்கமாட்டாங்க."

"பல்லு உன் பையிலயா இருக்கு?"

"ஆமா மச்சான்."

"அட கடவுளே. ஏறி உட்காரு. நியூட்ரல்ல போடு. நான் கால் வெக்கறேன்."

மச்சான் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே, இடது காலை நீட்டிப் பல்லுக்காரர் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் பதித்துத் தள்ளினார். எஞ்சின் ஓடாத வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. பேசாமல் அப்படிப் போக முடியாது. இவர் பிரேக் போட்டால் அவர் விழுவார், அவர் அதிகம் தள்ளினால் இவர் தடுமாறுவார்.

"நேரா பிடி! நேரா!"

"பஸ் வருது மச்சான்!"

"தெரியுது. இடது பக்கம் ஒதுங்கு. மெதுவா. ஐயோ, பிரேக் போடாதடா!"

சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டரிலிருந்து ஒரு பெண், "மாஸ்டர், குட்மார்னிங்!" என்றாள். மச்சானிடம் கற்றுக்கொள்கிறவள் போல. நீட்டின காலைப் பார்த்தாள், மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். "இது எத்தனாவது பாடம் மாஸ்டர்? நாம இன்னும் இது வரைக்கும் வரலையே?"

"இது நீ கத்துக்கவே கூடாத பாடம். முன்னாடி பாரு, பச்சை விழுந்தாச்சு" என்றார் மச்சான், காலை எடுக்காமலே.

பெட்ரோல் பங்க்கில் பல்லுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "டேங்க் ஃபுல் பண்ணுங்க" என்றார். அந்த வார்த்தையைத் தன் வண்டிக்கு யாரும் சொல்லி பல்லுக்காரர் கேட்டதே இல்லை. போட்டு முடித்ததும் அவசரமாக ஸ்டார்ட்டரை அமுக்கப் போனார். மச்சான் அவர் கையில் ஒரு அடி போட்டார்.

"தொடாத! ஏற்கெனவே எவ்வளவு நேரம் அமுக்கின?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்! இங்க பாரு. பழைய வண்டியில பெட்ரோல் தானா கீழ இறங்கும். இதுல டேங்குக்கு உள்ளயே பம்ப் இருக்கு. பெட்ரோல்ல முங்கிக்கிட்டே ஓடணும், அதுதான் அதுக்குக் குளிர்ச்சி. காலி டேங்கோட ஓட்டினா சூடாகி எரிஞ்சு போயிடும். இப்ப குழாய் பூரா காத்து. அதை முதல்ல விரட்டணும். சாவியை மட்டும் போடு. ஸ்டார்ட் பண்ணாத. காதை வெச்சுக் கேளு."

சாவியைத் திருப்பினார். டேங்குக்குள்ளிருந்து 'ங்ஙீ…' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்து நின்றது.

"ஆஃப் பண்ணு. மறுபடி போடு."

பங்க் ஊழியர் வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் டேங்குமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டார்கள். முதல் தடவை சத்தம் கரகரவென்று, நடுவில் குமிழி உடைகிற மாதிரி இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் இழைந்தது. அதற்கடுத்ததில் ஒரே சீராக வந்தது.

"இப்ப சுத்தமா இருக்கு" என்றார் பல்லுக்காரர். சத்தத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"இப்ப அமுக்கு."

களைத்துப்போயிருந்த பேட்டரி ஒரு சுற்று சுற்றியது, தயங்கியது, இன்னொரு சுற்று சுற்றியது. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் மச்சான்?"

மச்சான் ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "ஸ்கூல் வண்டி ஒண்ணுல பம்ப் எரிஞ்சு போச்சு."

"பெட்ரோல் தீர்ந்தா? உன் வண்டியிலயா?"

"மறந்துட்டேன். மனுஷன்தானே? உன் பொண்டாட்டிக்குச் சொல்லிடாத." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு எட்டுல நின்ன அம்மா அடுத்த தடவையே பாஸ் பண்ணிட்டாங்க. இப்ப நம்ம ஸ்கூல்லதான் கத்துக்கொடுக்கறாங்க. பெட்ரோல் பார்க்காம ஒருத்தரையும் வண்டியில ஏத்தறதில்ல" என்றார்.

"அப்போ நீ ஏன் வந்து பேசல?"

"நீதான் தினம் என்னை விசாரிக்கறியாமே. பேசத்தான் வெக்கப்படறியாம்னு தங்கச்சி சொன்னா. சரி, அவனே வரட்டும்னு இருந்தேன்."

"நானா? நீதான் என் கையால ஒரு டீ குடிக்க மாட்டோமான்னு ஏங்கறதா சொன்னா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்த சேதிகளில் எத்தனை அவளே சமைத்தவை என்று அப்போதுதான் உறைத்தது. நல்லவேளை, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் ஆசிரியர் அறையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மைக் சோதிக்கும் சத்தம். பல்லுக்காரர் டப்பாவைத் திறந்து நீட்டினார். டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டு, இவர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், 'சைக்கிள் சீட்டு சரியா இருக்கு'ன்னு ஒரு தடவை சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். 'சீட்டு' என்ற இடத்தில் ஒரு சின்ன விசில். பல்லுக்காரரின் முகம் விழுந்துவிட்டது.

"கழட்டுங்க டீச்சர். ஒரு அஞ்சு நிமிஷம் தேச்சு…"

"இனிமே கழட்டறதாவது! கூப்பிடறாங்க தம்பி." டீச்சர் விறுவிறுவென்று மேடைக்குப் போய்விட்டார்.

பல்லுக்காரரும் மச்சானும் மைதானத்தின் கடைசியில் வேப்பமர நிழலில் நின்றார்கள். டீச்சர் மைக்கின் முன்னால் போய், "சிறுமிகளே" என்று ஆரம்பித்தார். மைக் அந்த விசிலைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டுபோனது. முன்வரிசையில் ஒரு 'க்ளுக்'. அது அப்படியே பின்வரிசை வரைக்கும் பரவியது. பல்லுக்காரர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். மச்சான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். சத்தம் அடங்கியது.

"இத்தனை வருஷமா விசில் அடிச்சவங்களை எல்லாம் வகுப்புக்கு வெளிய அனுப்பினேன்" என்றார். "இன்னிக்கு நானே அடிக்கறேன். அதான் என்னையும் வெளிய அனுப்பறாங்க."

மைதானமே வெடித்துச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஒட்டின பல் வெயிலில் பளிச்சென்று மின்னியது. அதற்கப்புறம் அவர் எப்போது 'ச' சொல்லுவார் என்று பிள்ளைகள் காத்திருந்து காத்திருந்து கைதட்டினார்கள். தலைமை விருந்தினர் பேசியதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

"உன் பல்லு நல்லா பேசுதுடா மாப்ள" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சாயங்காலம் மச்சான் நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவளை விசாரணை செய்வதாக ஏற்பாடு. அவள் அசரவில்லை.

"ஆமா, சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா இந்நேரம் வெட்டுக்குத்தே ஆகியிருக்கும். அடுத்து இவர் என்ன கேட்டதா சொல்றது, அவன் என்ன பதில் சொன்னதா சொல்றதுன்னு யோசிச்சே எனக்குப் பாதி முடி கொட்டிப்போச்சு. இனிமே உங்க வாயால நீங்களே பேசிக்குங்க. நான் ரிட்டயர்."

பல்லுக்காரர் மறுவாரம் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினார். பம்ப் தப்பித்துவிட்டது என்றார் மெக்கானிக், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் தப்பிக்காது என்றும் சொன்னார். பல்லுக்காரர் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசிக் கட்டம் சிமிட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மச்சானிடமிருந்து போன் வந்துவிடுகிறது. கிளினிக் வாசலில் வண்டி நிற்கும்போது போகிற வருகிற டிரைவிங் ஸ்கூல் மாணவர்கள் யாரோ வண்டியை ஆட்டி, டேங்க் சத்தத்தைக் கேட்டுத் தகவல் கொடுக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் காலையிலேயே வந்துவிடுகிறார். வீட்டு மாடிப்படியில் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து, டயருக்கு எவ்வளவு காற்று வைப்பது, சங்கிலிக்கு எந்த எண்ணெய் நல்லது, யார் யாருக்கு எந்தப் பல் எடுப்பு என்று மத்தியானம் வரை பேசுகிறார்கள். மூன்று வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறதல்லவா, சீக்கிரத்தில் தீர்கிற மாதிரி தெரியவில்லை. அவள் சமையலறையிலிருந்து இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால், தன் தட்டைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறாள்.